அஞ்சலை என்ற பதினொரு வரி

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பிரவீண். நான் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர். நேரில் பார்த்ததில்லை.

"மேடம், மரக்காணம் உப்பளத்துப் பெட்டிகளின் நிரலை இப்போது நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அதில் பதினொரு வரி உள்ள ஒரு பகுதிக்கு 'அஞ்சலை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதற்கு என்ன பொருள் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. நான் செய்த எந்தச் சோதனையிலும் அதற்கு வேலையே வரவில்லை. பேட்டரியைத்தான் தின்கிறது. நீக்கிவிடலாமா?"

நீக்க வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இதே வரிகளைப் பார்த்தேன், இதே காரணத்தைச் சொன்னேன், நீக்கியும் விட்டேன். அப்போது யாராவது ஒரு வரியில் வேண்டாம் என்று எழுதியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. அலுவலக மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் பிரவீணுக்கான பதிலையே அதற்கும் எழுதுகிறேன்.

எழுபத்தெட்டில் கணிதத்தில் முதுகலை முடித்த கையோடு வேலையில் சேர்ந்தேன். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு கணினி அறையின் வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. பிறகு மேசைக்கு ஒரு திரை வந்தது, பிறகு அந்தத் திரையும் மெலிந்தது. இருபத்தாறு ஆண்டுகள் நான் எழுதியதெல்லாம் ஒரே வகை நிரல்கள்தான். எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஊருக்குச் சரக்கு போக வேண்டும், எத்தனை பேருந்து எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்பவை. எல்லா விவரமும் என் முன்னால் இருக்கும். முழுப் படத்தையும் பார்த்து, இருப்பதில் மிகச் சிறந்த விடையைச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

சுனாமிக்குப் பிறகு, இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில், தெரசா மேடத்தின் குழுவுக்கு என்னை மாற்றினார்கள். மேடம் பெரம்பூர்க்காரர். என்னைவிட ஆறு வயது பெரியவர். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், கையில் எப்போதும் முதல் நாள் செய்தித்தாள். அந்தச் செய்தித்தாள் படிப்பதற்கு இல்லை என்பது முதல் வாரமே தெரிந்துபோயிற்று.

வேலை இதுதான். மரக்காணத்தில் சாலையோரக் கொட்டகையிலிருந்து கால்வாய்க்கரை வரை உப்புப் பாத்திகள் நீண்டு கிடக்கின்றன. கால்வாயில் நீர் ஏறினால் கடைசிப் பாத்திகளில் இருப்பவர்கள் சாலைக்கு வந்து சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரப்புகள் மண். நனைந்தால் கரைந்துவிடும். எனவே டிபன் டப்பா அளவில் நாற்பத்திரண்டு பெட்டிகளை வரப்புகளில் நட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை, ஒரு சின்ன வானொலி, இரண்டு பேட்டரி. நீர் ஏறினால் மிதவை பெட்டியை எழுப்பும். பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு. கடைசியில் கொட்டகைக் கூரையில் இருக்கும் அபாயச் சங்கு ஊதும். தேவையானால் கீழிருந்து கைப்பிடியைச் சுற்றியும் அதை ஊதலாம்.

சிக்கல் பேட்டரியில். விழித்தே இருந்தால் ஒரு பெட்டி மூன்று வாரம்தான் தாங்கும். தூங்கி எழுந்தால் உப்புக் காலம் முழுவதும் வரும். ஆகவே சில பெட்டிகள் மட்டும் காவலுக்கு விழித்திருக்க வேண்டும், மற்றவை தூங்க வேண்டும். தூங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் காதுக்கெட்டும் தூரத்தில் ஒரு காவல் பெட்டியாவது வேண்டும். காவல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரே பெட்டி தினமும் காவலிருந்து சாகாதபடி ஒவ்வொரு காலையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்கு இது பழகிய கணக்கு மாதிரித் தெரிந்தது. நாற்பத்திரண்டு புள்ளிகளையும் வரைந்து, அலுவலகக் கணினியை மூன்று நாள் ஓடவிட்டு, ஒன்பது பெட்டி போதும் என்ற விடையோடு மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம் பலகையில் நான் வரைந்த படத்தைப் பார்த்தார். செய்தித்தாளை விரித்து, ஒரு புள்ளியும் அதைச் சுற்றி நாலைந்து புள்ளிகளும் மட்டும் தெரியும்படி மீதியை மறைத்தார்.

"இந்தப் பெட்டிக்கு இவ்வளவுதான் தெரியும், வத்சலா. இப்ப சொல்லு, இது என்ன பண்ணும்?"

"மேடம், நாம இங்கேருந்து கணக்குப் போட்டு அனுப்பிட்டா..."

"நாளைக்கு ஒரு பெட்டி செத்துப்போச்சுன்னா? மறுபடி மூணு நாளா? அங்க நீ இல்ல, நான் இல்ல. முழுசாப் பாக்குற ஆளே அங்க இல்ல."

அவர் தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. செய்தித்தாள்தான் வரும். எங்கள் நிரலில் ஒரு பெட்டி தனக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றைத் தெரிந்ததுபோல நடந்துகொண்டால் தாளை எடுத்து அந்தப் பகுதியை மறைத்துவிட்டுக் காத்திருப்பார். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த நான் பள்ளிப் பிள்ளை மாதிரிப் பலகைமுன் நின்றிருக்கிறேன். இன்றைக்கு அந்த அறை வேண்டும் போலிருக்கிறது. சுண்ணாம்புக்கட்டியின் வாசனையும், மடிப்புக் கலைந்த தாளும், "சரி, இப்ப சொல்லு" என்ற குரலும்.

கடைசியில் பெட்டிகள் தாங்களே முடிவெடுக்கும் முறைக்கு வந்து சேர்ந்தோம். காவல் கிடைக்காத அண்டைப் பெட்டிகள் தனக்கு எத்தனை என்று ஒவ்வொரு பெட்டியும் சுற்றியுள்ளவற்றுக்குச் சொல்லும். தன் சுற்றுவட்டத்தில் யாருடைய எண் பெரியதோ அது "நான் விழித்திருக்கிறேன்" என்று அறிவிக்கும். அதைக் கேட்டவை தூங்கப் போகும். மிச்சமிருப்பவை மறுபடி எண்ணிச் சொல்லும். இப்படி நாலைந்து சுற்றில் எல்லாப் பெட்டியும் ஒன்று காவலாகிவிடும் அல்லது காவலுக்குள் வந்துவிடும். காவல் பெட்டிகள் தங்களுக்குள் செய்தியைக் கடத்தும். நடுவில் இடைவெளி இருந்தால் தூங்கும் ஒன்றைத் தட்டி எழுப்பிக்கொள்ளும்.

முதல் சோதனையில் பெட்டிகள் பதிமூன்று காவலைத் தேர்ந்தெடுத்தன. ஒன்பது போதுமான இடத்தில் பதிமூன்றா என்று எனக்கு அவமானமாக இருந்தது. மேடத்துக்கு மகிழ்ச்சி.

"மிகச் சிறந்தது வேணும்னா எல்லாத்தையும் பாக்கணும். பக்கத்துல மட்டும் பாத்து முடிவெடுத்தா கொஞ்சம் கூடத்தான் போகும். எவ்வளவு கூடப் போகும்னு முன்னாடியே சொல்லத் தெரியுதா? அது போதும். எத்தன மடங்குன்னு சொல்ல முடியாத சுமார்தான் ஆபத்து."

மரக்காணத்துக்குப் போன பிறகு மேடம் செய்தித்தாளை விட்டுவிட்டு மனிதர்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு மதிய உணவு நேரத்தில், கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உப்பளத்துத் தொழிலாளர்கள் பதினான்கு பேரை வரப்புகளில் நிற்கச் சொன்னார். எண்ணை எழுதிக்கொள்ள ஆளுக்கு ஒரு சீட்டு. குரல் எட்டுகிறவரோடு மட்டும் பேசலாம். காவல் என்று ஆனவர் நிற்க வேண்டும், மற்றவர் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆண் சட்டை, கையில் உப்பு வாரும் பலகை. அதைக் கீழே வைக்கவே இல்லை.

"ஏம்மா, தூங்கறதுக்குக்கூட உங்க ஆபீஸ்ல ரூல்ஸ் இருக்குதா?" என்றார்.

"ஒரே ரூல்ஸ்தான்" என்றார் மேடம். "பக்கத்துல யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்."

"அது எங்கூட்ல தெனமும் நடக்குது. எங்கூட்டுக்காரர் கொறட்ட வுடுவாரு, நான் காவலு."

வரப்பு முழுக்கச் சிரிப்பு. மூன்று சுற்று முடிந்து எல்லோரும் நின்றோ உட்கார்ந்தோ ஆனதும், கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அஞ்சலை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவ நிக்கறேன்னு சொன்னா, நான் கேட்டுக்கினு உக்காந்துட்டேன். சரி. நான் கூப்ட்டா அவளுக்குக் கேக்குமா? அத யாரு பாத்தாங்க?"

"உனக்கு அவங்க குரல் கேட்டுதுன்னா அவங்களுக்கும் உன் குரல் கேக்கும் இல்ல?" என்றேன் நான்.

"காத்து ஒரு பக்கமாத்தானம்மா அடிக்குது."

மேடம் என்னைப் பார்த்தார். அன்று மாலையே பதினொரு வரி சேர்ந்தது. தூங்கப்போகும் பெட்டி தன் காவலிடம் "உன்னை நம்பித் தூங்குகிறேன்" என்று சொல்ல வேண்டும். காவல் "கேட்டேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தூங்கக் கூடாது, தானே காவலாக வேண்டும்.

அந்தப் பாத்திகளில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து கரையேறும்போது பக்கத்துப் பாத்தியில் இருப்பவரைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். அவரும் கையைத் தூக்கிய பிறகுதான் வரப்பை விட்டு இறங்குவார்கள். கடைசிப் பாத்தியிலிருந்து கொட்டகை வரை, ஒருவர் பின் ஒருவராக, வெள்ளை வெளிச்சத்தில் கைகள் ஏறி இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். போய் வருகிறேன் என்று சொல்வதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலையின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம் பெட்டிகளை நட்டோம். அகலமான நடு வரப்பு நடப்பதற்கு வசதி, கால் வழுக்காது, எனவே பெரும்பாலானவற்றை அதன் ஓரமாகவே நட்டோம். ஜூலையில் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாளில் "கேட்டேன்" என்ற பதில் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஆனால் நம்பித் தூங்குகிறேன், கேட்டேன் என்ற இந்த இரண்டு சொல்லும் பெட்டிகள் பேசும் பேச்சில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றன. நான் அந்த வரிகளை எடுத்துவிட்டு, பேட்டரி எவ்வளவு கூடுதலாக வரும் என்று ஒரு படம் வரைந்து மேடத்திடம் காட்டினேன். ஒன்பதுக்குப் பதில் பதிமூன்று என்ற உறுத்தல் எனக்குள் இருந்தது. இதில் கொஞ்சம் மீட்டுவிட்டேன் என்று பெருமை. மேடம் நெடுநேரம் பார்த்தார். செய்தித்தாளை எடுக்கவில்லை. அன்று டெல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சோதன எல்லாம் சுத்தமா இருக்கு. சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் கடைசியில் என் மகள் யமுனாவுக்குக் காலாண்டு விடுமுறை. பன்னிரண்டாம் வகுப்பு. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தோழிகளோடு மெரினாவுக்குப் போவதாக இருந்தது. சைக்கிள் டயர் பஞ்சர் ஆனதால் போகவில்லை. அதிலிருந்து அவளைக் கடல் பக்கமே விட்டதில்லை. ட்யூஷன் முடிந்து பத்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நிற்பேன். அப்படிப்பட்ட நான்தான், "வீட்ல தனியா என்ன பண்ணப்போற, என்கூட மரக்காணம் வா" என்றேன். என் சங்கு இருக்கும் இடத்தைவிடப் பாதுகாப்பான இடம் இந்தக் கரையில் எது என்று நினைத்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள். உப்புக் காலத்தின் கடைசி. வாரிய உப்பெல்லாம் நடு வரப்பில் ஆளுயரத்துக்கு மேல் அம்பாரமாகக் குவிந்து, மழைக்குப் பயந்து கீற்று மூடியிருந்தது. கீற்றுக்குக் கீழே வெள்ளை தெரியும் ஒரு வரிசைக் குன்றுகள். யமுனா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, உன் பொட்டியெல்லாம் காணோமே."

"பின்னாடி இருக்கு" என்றேன். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். ஈர உப்பு அத்தனை உயரத்துக்கு நடுவில் நின்றால் வானொலி அலை எப்படிப் போகும் என்று கேட்க ஒரு கணிதப் பட்டம்கூட வேண்டாம். மே மாதம் நாங்கள் நட்டபோது வரப்பு வெறுமையாக இருந்தது. உப்பு எங்கே குவிப்பார்கள் என்று நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. அகலமான வரப்பு எதற்காக அகலமாக இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மதியம் யமுனா அஞ்சலையோடு கடைசிப் பாத்திகளுக்குப் போனாள்.

"கூட்டிக்கினு போறேம்மா. உங்க பாப்பாவ உப்பாக்காம திருப்பிக் குடுத்துடறேன்" என்றார் அஞ்சலை.

"வெயில்ல ரொம்ப நேரம் விட்டுடாதீங்க."

"வெயில் எங்கூடப் பேசுதுன்னா கேட்டுப் பாக்குறேன்."

நான் கொட்டகையில் மடிக்கணினியோடு இருந்தேன். திரையில் நாற்பத்திரண்டு புள்ளிகள், எல்லாம் பச்சை. குறை எதுவும் வராத பெட்டிக்குப் பச்சை என்று நான்தான் எழுதியிருந்தேன். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் காசிம் பாய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் நின்று வெளியே பார்த்தார்.

"மேடம், ஓதம் ஏறுது. கால்வாயில தண்ணி தூக்குது."

"ஏறினா சங்கு ஊதும் பாய்" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊதட்டும். நீங்க இங்க வந்து பாருங்க."

போனேன். தூரத்தில் தொழிலாளர்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். வேலை நேரம் முடியவில்லை. அவர்களே நீரைப் பார்த்துவிட்டார்கள். கைகள் ஏறி இறங்கி வந்தன. அதில் ஓர் இடத்தில், கொட்டகைக்கும் கால்வாய்க்கும் நடுவில், ஒருவர் வரப்பின்மேல் கையைத் தூக்கியபடியே நின்றார். இறங்கவில்லை. முதுகு எங்கள் பக்கம். நீர் அவர் காலடியில் மின்னியது.

"வரிசை நின்னுபோச்சு" என்றார் காசிம் பாய். "அவன் எறங்கல பாருங்க. அவனுக்கு அந்தாண்ட இருக்கறவங்க கை தூக்கல. யாரோ உள்ள இருக்காங்க."

அவர் ஓடிப்போய் சங்கின் கைப்பிடியைச் சுற்றினார். சங்கு ஊதியது. எனக்குப் பின்னால் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

நான் வரப்பில் ஓடினேன். இரண்டாவது பாத்தியில் வழுக்கி விழுந்தேன். யாரோ தூக்கி நிறுத்தி, "இங்கயே நில்லும்மா, நீ வேற உழுந்து வெக்காத" என்று அதட்டிவிட்டு முன்னால் போனார்கள். நாலைந்து பேர் திரும்பி உள்ளே போனார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அம்பாரங்கள் மட்டும்தான் தெரிந்தன. எத்தனை நேரம் என்று பிறகு எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அரை மணி என்றார் பாய். எனக்கு அதை எந்த அளவிலும் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் முழுக்க, மற்ற எல்லாப் பிரார்த்தனையையும் விட்டுவிட்டு, ஒரு கை மட்டும் தெரிந்தால் போதும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை யமுனா சொல்லித்தான் தெரியும். அவள் கடைசிப் பாத்தியின் மூலையில், கால்வாய்க்கு முதுகு காட்டி, காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நீரைக் கண்டதும் அஞ்சலை தன் பாத்தியிலிருந்து எழுந்து கையைத் தூக்கியிருக்கிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருக்கிறார். கேட்கவில்லை. கரைக்கு வரும் வழி அஞ்சலைக்கு அந்த நேரத்தில் திறந்தே இருந்தது. அவர் இந்தப் பக்கம் வராமல் நீர் வரும் பக்கமாக நடந்து, அவள் தோளைப் பிடித்து எழுப்பியிருக்கிறார். திரும்பும்போது மதகுப் பக்கம் வரப்பு உடைந்தது. மதகுப் பலகை பெயர்ந்து வந்து அஞ்சலையின் முழங்காலில் அடித்தது.

இரண்டு தலைகள் அம்பாரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்தபோது யார் யாரைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று தெரியவில்லை. இடுப்பளவு நீர். யமுனாவின் தோளில் அஞ்சலையின் கை. அந்த மனிதர், அதுவரை வரப்பில் நின்றவர், அவர்கள் கையைத் தூக்கிய பிறகுதான் தன் கையை இறக்கினார்.

"இந்தாம்மா ஒம் பொண்ணு" என்றார் அஞ்சலை. முகம் வெளுத்திருந்தது. "கொஞ்சம் உப்பாயிடுச்சு."

அவரைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முழங்கால் எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் மடங்கவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் மேடம் வந்தார். நீர் வடிந்திருந்தது. உயரமான நடு வரப்பில் இருந்த பெட்டிகளின் மிதவைகளுக்கு அது எட்டியிருக்கவே இல்லை. கால்வாய்க்கரையில் இருந்த பதினேழாம் எண் பெட்டியைப் பிடுங்கி, சேற்றைத் துடைத்து, அதன் பதிவை இருவரும் படித்தோம். அன்று காலை அம்பாரத்துக்கு அந்தப் பக்கமிருந்த பதினான்காம் பெட்டி "நான் விழித்திருக்கிறேன்" என்று சொன்னது அதற்கு மெல்லக் கேட்டிருக்கிறது. பதினான்கு உயரத்தில் இருந்தது, புது பேட்டரி. பதினேழு பள்ளத்தில் இருந்தது, அதன் குரல் அந்தப் பக்கம் போகவே இல்லை. கேட்டதை நம்பித் தூங்கிவிட்டது. நீர் ஏறியதும் விழித்திருக்கிறது. கூவியிருக்கிறது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பிறகு மறுபடி தூங்கிவிட்டது. மூன்று முறைக்கு மேல் கூவிப் பேட்டரியை வீணாக்காதே என்று எழுதியதும் நான்தான்.

மேடம் பெட்டியின் மூடியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எத்தன பெட்டி முழிச்சிருக்குங்கறது சுமாரா இருக்கலாம் வத்சலா. பதிமூணு, பதினாலு, என்ன இப்போ. சொன்னது கேட்டுதா இல்லையாங்கறது சுமாரா இருக்கக் கூடாது. ரெண்டையும் நாம ஒரே கணக்குல போட்டுட்டோம்."

"நாம இல்ல மேடம். நான்."

"நீ எழுதின. நான் படிச்சேன். படிச்சவங்க பேருதான் மேல வரும்."

அறிக்கையிலும் அப்படியே எழுதினார். பதில் செய்தியை நீக்க அனுமதித்தது நான் என்று ஒரு வரி, அதன் கீழ் அவர் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. நான் வாதாடினேன். அவர் செய்தித்தாளை எடுத்து அந்த வரியைத் தவிர மீதி அறிக்கையை மறைத்துவிட்டு, "இதுக்கு மேல உனக்குத் தெரிய வேண்டாம்" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பதினொரு வரிகளை நானே திரும்ப எழுதினேன். பெயர் வைத்தேன். பதில் இல்லாவிட்டால் பச்சை இல்லை, சிவப்பு என்று திரையையும் மாற்றினேன். அம்பாரங்கள் இருக்கும் மாதத்தில் காவல் பெட்டிகள் பத்தொன்பதுக்குப் போயின. ஒன்பதைக் கண்டுபிடித்த நான் அந்தப் பத்தொன்பதைப் பார்த்து நிம்மதியடைந்தேன்.

ஆனால் அதற்கு மேல் வேலை செய்ய முடியவில்லை. எந்த நிரலைத் திறந்தாலும், இதில் எதை எடுத்தேன், எதை எடுத்தேன் என்று மேலும் கீழும் படித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சின்னக் கணக்கை முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. இந்த ஏப்ரலில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள். வீட்டில் எல்லோரும் நல்லதாயிற்று என்றார்கள். யாரிடமும் சொல்லாமல் நான் ஏங்குவது அந்த வேலைக்குத்தான். பெட்டிகள் காலையில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருவதைப் பதிவில் வரிவரியாகப் பார்ப்பது போன்ற இன்பம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. யாரும் கட்டளையிடாமல், யாருக்கும் முழுசாகத் தெரியாமல், அவை பிழைத்துக்கொள்ளும்.

ஜூனில் ஒரு முறை மரக்காணம் போனேன். அஞ்சலை இப்போது கொட்டகையில் உட்கார்ந்து உப்புப் பொட்டலம் போடுகிறார். காலை நீட்டியபடி வைத்திருந்தார். வாசலிலிருந்து பாத்திகள் தெரியும்படி இடம் பிடித்திருந்தார். நான் பேச ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொருக்கா மன்னிப்பு கின்னிப்புன்னு வராத. ஒம் பொண்ணு கை தூக்கல. போய்ப் பாத்தேன். வேற இன்னா பண்ணுவாங்க?"

"நீங்க இந்தப் பக்கம் வந்திருக்கலாம் அஞ்சலை."

"அது எப்படிம்மா வர முடியும்?" என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார். பிறகு பேச்சை மாற்றுவதற்காக, "உள்ள எறங்கி ஒம்போது மாசமாவுது. கால்ல மண்ணு படாம என்னமோ மாதிரி இருக்குது" என்றார். இருவரும் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை ஆகிக்கொண்டிருந்தது. வெளியே கைகள் ஏறி இறங்கின.

பிரவீண், உங்கள் சோதனைகளில் அந்தப் பகுதிக்கு வேலை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் வரவில்லை. எந்த மாதத்தில் சோதித்தீர்கள் என்று பாருங்கள். நீக்காதீர்கள்.

யமுனா இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் முதலாண்டு. விடுதியில் இருக்கிறாள். அவள் போன முதல் வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கூப்பிட்டேன். அவள்தான் ஓர் ஏற்பாடு சொன்னாள். காலை எட்டு இருபதுக்கு வகுப்புக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான், அதற்கு மேல் கவலைப்படக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டு நாள் நானும் பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். மூன்றாம் நாள், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, மணி அடித்து நின்றது, நான் கேட்டுவிட்டேன் என்று என் வேலையைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. மறுபடி. எடுத்தேன்.

"என்னடி, கிளாசுக்குப் போகல?"

"நீ திரும்ப அடிக்கலயே."

"மிஸ்டு கால் வந்துதே, கேட்டேனே."

"நீ கேட்டன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பின்னால் மற்ற பெண்கள் அவளைக் கூப்பிடுவது கேட்டது. "கேட்ல நின்னுட்டிருக்கேம்மா. வெச்சுட்டுத் திரும்ப அடி. அப்பதான் போவேன்."

வைத்தேன். அடித்தேன். ஒரு முறை மணி முழுசாக அடிக்கவிட்டு நிறுத்தினேன். அன்றிலிருந்து எட்டு பதினைந்துக்கே கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றுவிடுகிறேன்.